கைவேலை டீச்சர் பதில்கள்: கிறிஸ்துமஸ் கடிதங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிவைத்துப் படித்தேன். நட்சத்திரம் உப்பிவிட்டது, கேக் வெடித்துவிட்டது, பிஸ்கட் வீட்டின் கூரை சரிந்துவிட்டது, பழவில்லை பூசணம் பூத்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் கைவேலை வகுப்பு எடுத்தவளுக்கு நாலாவது கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, பாதிப் பேருக்கு ஒரே நோய். ஈரம் காய்வதற்குள் அடுத்த வேலைக்குக் கை போய்விடுகிறது. திட்டுவதாக நினைக்காதீர்கள். நானும் அந்தக் கட்சிதான், கீழே ஆதாரம் இருக்கிறது.

கேள்வி: டீச்சர், நானும் என் இரண்டு பெண்களும் உப்பு மாவில் நட்சத்திரம், மணி, தேவதை எல்லாம் வெட்டினோம். ஓவனில் 180 டிகிரியில் வைத்தோம். அரை மணி நேரத்தில் எல்லாம் தலையணை மாதிரி உப்பி, ஓரம் கருகி, நடுவில் விரிசல் விட்டுவிட்டது. சின்னவள் அழுதே விட்டாள். போன வருஷம் செய்த நட்சத்திரங்களோ பெட்டிக்குள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எங்கே தப்பு?

பதில்: 180 டிகிரியில். உப்பு மாவு வேகவைக்கும் பண்டம் அல்ல, காயவைக்கும் பண்டம். சூடு அதிகமானால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் தோலைத் தூக்கும். நீங்கள் பார்த்த தலையணை அதுதான். 100 டிகிரி போதும், அதற்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. 2 மணி முதல் 3 மணி நேரம் ஆகும், நடுவில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கம் மேல்பக்கத்தைப் போலவே வெளிறி, தட்டினால் 'டொக்' என்று கேட்டால் முடிந்தது.

அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: 2 கப் மைதா, 1 கப் பொடி உப்பு, 1 கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். தண்ணீரை மொத்தமாகக் கொட்டாதீர்கள். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவாக இருந்தால் எவ்வளவு குறைந்த சூட்டிலும் உப்பும், பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பத்து நிமிஷமாவது பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டுங்கள். நூல் கோக்கும் துளையை வேகுமுன்பே ஸ்ட்ராவால் குத்திவிட வேண்டும். ஓரத்தை ஒட்டிக் குத்தினால் தொங்கவிடும்போது பிய்ந்துவிடும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் உப்பு. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வண்ணம் முழுக்கக் காய்ந்தபின் வார்னிஷ் அடிக்க வேண்டும். பலர் முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. பின்பக்கம், ஓரம், துளையின் உள்வட்டம் எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு. போன வருஷத்து நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, காற்றாடிக்குக் கீழே நாலைந்து நாள் வையுங்கள். இறுகியவற்றுக்கு மறுபடி வார்னிஷ். இறுகாதவற்றுக்கு விடை கொடுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் இந்த நட்சத்திரங்கள் அதற்கு எட்டாத உயரத்தில்தான் தொங்க வேண்டும். இதில் இருக்கும் உப்பின் அளவு நாய்க்கு உயிராபத்து.

கேள்வி: டீச்சர் பாட்டி, எனக்கு ஒன்பது வயது. நான் பேப்பரில் பனிப்பூ வெட்டி ஜன்னலில் ஒட்டினேன். அண்ணன் எண்ணிப் பார்த்துவிட்டு, 'இதுக்கு எட்டுக் கை இருக்கு, நிஜப் பனிப்பூவுக்கு ஆறுதான்' என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: அண்ணன் சொன்னது சரி கண்ணா. சிரித்தது தப்பு.

நீ தாளைப் பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று மடித்திருப்பாய். அப்படி மடித்தால் நாலு கை வரும், இல்லாவிட்டால் எட்டு வரும், ஆறு வரவே வராது. ஆறு வேண்டுமானால் கடைசி மடிப்பு மூன்று பங்காக இருக்க வேண்டும். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கு. அதை இன்னொரு முறை பாதியாக்கு. இப்போது எந்த முனை தாளின் நடுப்புள்ளியோ, அந்த முனையைப் பிடித்துக்கொண்டு வலது பக்கத்தை ஒரு பங்கு முன்னால் மடி, இடது பக்கத்தை அதன் மேல் மடி. கூம்பு ஐஸ்க்ரீம் மாதிரி ஒன்று கிடைக்கும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு காதுகளையும் வெட்டி எறி. கையில் 12 அடுக்கு இருக்கிறது. ஒரு ஓரம் பனிப்பூவின் கைக்கு முதுகெலும்பு, மறு ஓரம் இரண்டு கைகளுக்கு நடுவில் உள்ள பள்ளம். இது தெரிந்துவிட்டால் எங்கே வெட்டினால் என்ன வரும் என்று விரிக்குமுன்பே சொல்லி அண்ணனை அசத்தலாம்.

தடித்த தாள் வேண்டாம், 12 அடுக்கைக் கத்தரி கடிக்காது. கத்தரியை அசைக்காமல் வைத்துக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பி வெட்டு. வெட்டி முடித்ததும் உடனே ஒட்டாமல் ஒரு ராத்திரி பெரிய புத்தகத்துக்குள் வைத்தால் மடிப்பெல்லாம் படிந்துவிடும்.

ஏன் ஆறு என்று கேட்பாய். கெப்ளர் என்ற பெரிய வானியல் அறிஞரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். 1611இல் ஒரு நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்க, பனிப்பூவுக்கு ஏன் ஆறு மூலை என்று ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். அவருக்கு முழு விடை கிடைக்கவில்லை. இப்போது நமக்குத் தெரியும்: தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அறுகோணமாகக் கைகோத்து நிற்கின்றன, பனிப்பூ அந்த ஆறு மூலைகளிலிருந்தும் வளர்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். 1885இல் கேமராவோடு நுண்ணோக்கியை இணைத்து ஒற்றைப் பனிப்பூவைப் படம் பிடித்தார், அதன்பின் வாழ்நாளில் 5,000க்கு மேல் எடுத்தார். அண்ணனிடம் இதையும் சொல். ஆனால் உன் எட்டுக் கைப் பூவைக் கழற்றாதே, ஜன்னலுக்கு அது தெரியாது.

கேள்வி: ஆறு வயதுப் பிள்ளையிடம் குளூ கன் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. உருகி வரும் பசை 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. வெள்ளைப் பசையும் துணிக் கிளிப்பும் கொடுங்கள். கிளிப் போட்டுவிட்டு நூறு எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கிறிஸ்துமஸ் கேக்கில் உலர்பழம் முழுவதும் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மேலே எரிமலை மாதிரி வெடிப்பு வேறு. எங்கள் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை. ரம் இல்லாமல் பழம் ஊறவைக்க முடியுமா அக்கா?

பதில்: முடியும். அரை கிலோ பழத்துக்கு 150 மில்லி ஆரஞ்சுச் சாறு. சாற்றைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சுடவைத்து, பழத்தின் மேல் ஊற்றி மூடி, ஒரு ராத்திரி வையுங்கள். ரம்மில் ஊறவைப்பவர்கள் வாரக்கணக்கில் வைப்பதைப் பார்த்து நீங்களும் வைக்கக் கூடாது. அங்கே ஆல்கஹால் காவல் இருக்கிறது, சாறு நுரைத்துப் புளித்துவிடும். இரண்டு நாள் வைப்பதானால் ஃப்ரிட்ஜில்.

பழம் மூழ்குவதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம், மாவில் புரட்டிப் போடு என்பது. அது பாதி வைத்தியம்தான். முதலில் பழத்தை வடிகட்டி, துணியில் ஒற்றி எடுங்கள். சிரப்பில் கிடந்த செர்ரியைக் கழுவித் துடைத்து நாலாக நறுக்குங்கள், முழு செர்ரி கல் மாதிரி இறங்கும். அப்புறம்தான் மாவு. அதையும் கேக்குக்கு அளந்து வைத்த மாவிலிருந்தே ஒரு கரண்டி எடுங்கள். இவ்வளவும் செய்தபின் மாவுக்கலவை தண்ணீராக இருந்தால் பழத்தை யார் தாங்குவது? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கலவை கொஞ்சம் யோசித்துவிட்டு, பொத்தென்று விழ வேண்டும். ஒழுகினால் பழம் மூழ்கும்.

வெடிப்புக்குக் காரணம் அவசரச் சூடு. மேலே ஓடு கட்டிவிடுகிறது, நடுப்பகுதி அப்போதுதான் எழுந்திருக்கப் பார்க்கிறது, ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. 20 சென்டிமீட்டர் வட்ட டின்னில் கனமான பழக் கேக் என்றால் 150 டிகிரியில் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். டின்னுக்குள் இரண்டு அடுக்கு பட்டர் பேப்பர், வெளியே சுற்றிலும் பழுப்புத் தாளை மடித்து ஒரு நூல் கட்டு. ஓவனின் குமிழ் சொல்லும் சூட்டை நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் பாருங்கள், என் ஓவன் இருபது டிகிரி பொய் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பல வருஷம் தெரியாது.

டின்னிலேயே முழுக்க ஆறவிடுங்கள். ஆறியபின் தாளில் சுற்றி மூடி, இரண்டு நாள் கழித்து வெட்டுங்கள். அன்றைக்கே வெட்டினால் உதிரும். சாற்றில் செய்த கேக் ரம் கேக் போல மாதக்கணக்கில் நிற்காது, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதற்கு ஒரு டீச்சர் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: போன இதழில் ஆரஞ்சு வில்லைகளை 40 நிமிஷம் ஓவனில் வைத்து மரத்தில் தொங்கவிடச் சொன்னீர்கள். தொங்கவிட்டேன். ஒரே வாரத்தில் பச்சைப் பூசணம். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பச்சை ஏற்கெனவே இருக்கிறது டீச்சர்.

பதில்: நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். 40 நிமிஷம் இல்லை, 4 மணி நேரம். எழுதியது என் பேனா, திருப்பிப் படிக்காமல் அனுப்பியதும் நான்தான். காய விடு காய விடு என்று ஊருக்குச் சொல்பவள் தன் கடிதத்தின் மை காயுமுன் உறைக்குள் போட்டிருக்கிறேன்.

சரியான முறை: அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லை போட்டு, இரண்டு பக்கமும் துணியால் ஒற்றி, கம்பித் தட்டில் அடுக்கி, 90 முதல் 100 டிகிரிக்குள் 3 முதல் 4 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் திருப்புங்கள். நடுச்சுளையை அழுத்தினால் விரலில் ஒட்டக் கூடாது. பூத்ததைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டாம், எறிந்துவிடுங்கள். ஆரஞ்சுக்கான காசை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிஞ்சர்பிரெட் என்கிற இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்டினோம். சுவர் நின்றது. கூரை வைத்து, மிட்டாய் ஒட்டி, எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கப் போகும்போது கூரை வழுக்கிவிட்டது. ஏன்?

பதில்: என் முதல் வீட்டுக்கும் அதே முடிவுதான். விருந்தாளிகள் எல்லாரும் வந்து உட்கார்ந்தபின், வயசானவர் சாய்வு நாற்காலியில் சாய்வது மாதிரி நிதானமாகச் சரிந்தது. யாரும் பேசவில்லை. என் மாமனார் மட்டும், 'அஸ்திவாரம் சரியில்லை' என்று சொல்லிவிட்டு ஒரு சுவரை எடுத்துக் கடித்தார்.

ஒரே நாளில் கட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் பிஸ்கட் சுடுவது. அதற்கு முன்னால் அட்டையில் சுவரும் கூரையும் வெட்டி, டேப் ஒட்டி, அட்டை வீடு நிற்கிறதா என்று பாருங்கள், அட்டையில் நிற்காதது மாவில் நிற்காது. மாவு ஓவனில் கொஞ்சம் பரவும். அதனால் வெளியே எடுத்த சூட்டோடு அட்டையை மேலே வைத்து ஓரங்களைக் கத்தியால் நேராக்குங்கள், ஆறிவிட்டால் உடையும். வீட்டுக்கான மாவில் பேக்கிங் சோடா வேண்டாம், உப்பினால் சுவர் வளைந்துவிடும்.

இரண்டாம் நாள் சுவர். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவுக்குச் சுமார் 200 கிராம் சலித்த ஐசிங் சுகர். கரண்டியைத் தூக்கினால் கொம்பு மாதிரி நிற்க வேண்டும், தலை சாய்ந்தால் இன்னும் சர்க்கரை. ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள், இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே சிமென்ட் ஆகிவிடும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சாப்பிடப்போகும் வீட்டுக்குப் பச்சை முட்டை வேண்டாம், கிருமி போகச் சூடாக்கிப் பாஸ்ச்சரைஸ் செய்த வெள்ளைக் கருவோ, காய்ந்த வெள்ளைக் கருவில் செய்த மெரிங் பவுடரோ போடுங்கள். சுவர்களை நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் டப்பாக்களை முட்டுக்கொடுத்து, ராத்திரி முழுக்க விடுங்கள்.

மூன்றாம் நாள் கூரை. அதற்கும் கீழே டப்பா முட்டு, நாலைந்து மணி நேரம். மிட்டாய் அதற்கப்புறம். உங்கள் கூரையைத் தள்ளியது மிட்டாயின் எடை என்றுதான் நினைக்கிறேன். கெட்டில் கொதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீட்டை வைக்காதீர்கள், ஆவியில் பிஸ்கட் நமுத்துவிடும்.

கேள்வி: என் பதினைந்து வயது மகன் எதிலும் சேர மாட்டேன் என்கிறான். 'இதெல்லாம் சின்னப் பசங்க வேலை' என்று போனோடு உட்கார்ந்துவிடுகிறான். போனைப் பிடுங்கி வைக்கலாமா?

பதில்: பிடுங்கினால் போன் இல்லாத, கோபமான மகன் உட்கார்ந்திருப்பான். சேரவும் மாட்டான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மினுக்குத்தூள் தூவச் சொன்னால் எந்தப் பதினைந்து வயது வரும்? அவன் இல்லாவிட்டால் நடக்காத வேலையைக் கொடுங்கள். கிராக்கர் செய்யச் சொல்லலாம். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்துப் பிரிக்கும் அந்தக் காகிதக் குழாய், 1840களில் லண்டனில் டாம் ஸ்மித் என்ற மிட்டாய் வியாபாரி தொடங்கிவைத்தது. கடையில் விற்பது 'படார்' என்று சத்தம் போடும். உள்ளே அட்டைப் பட்டையில் துளி சில்வர் ஃபல்மினேட் என்ற வெடிக்கும் ரசாயனம் இருக்கும், அது வீட்டில் செய்கிற சமாசாரம் இல்லை. நாம் சத்தத்தை விட்டுவிடலாம். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய், மேலே வண்ணத்தாள், இரண்டு முனையிலும் நூல். இழுக்கும்போது வாயால் 'படார்' சொல்ல வேண்டும். தாத்தா சொல்லும்போது கேட்க வேண்டும்!

மகனுக்கு வேலை குழாய் சுருட்டுவது அல்ல, உள்ளே வைக்கும் சீட்டு எழுதுவது. வீட்டில் ஒவ்வொருவரையும் பற்றி ஒரு கடி ஜோக் அல்லது ஒரு புதிர். நீங்கள் முன்கூட்டியே படிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. போனிலேயே எழுதட்டும். உங்களைப் பற்றி எழுதுவது கொஞ்சம் சுடும், தயாராக இருங்கள்.

கேள்வி: என் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. கை நடுங்குகிறது. எல்லாரும் வேலை செய்யும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

பதில்: ஆரஞ்சில் கிராம்பு குத்தச் சொல்லுங்கள். நடுக்கம் உள்ள கைக்கு வெட்டுவதும் ஒட்டுவதும்தான் கஷ்டம், அழுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆரஞ்சை ஒரு கிண்ணத்தில் உருளாமல் உட்காரவைத்து, பல் குச்சியால் நீங்கள் துளை போட்டுக் கொடுங்கள், அவர் கிராம்பை நட்டுக்கொண்டே வரட்டும். விரலில் தையல் உறை மாட்டினால் வலிக்காது. காயக் காயப் பழம் சுருங்கும், அதனால் கிராம்புகளுக்கு நடுவே நூலளவு இடம் விடலாம். பழம் முழுவதும் கிராம்பால் நிறைந்து, காற்றோட்டமான இடத்தில் தினமும் திருப்பிவைத்தால் சில வாரங்களில் கட்டையாகக் காய்ந்துவிடும், வாசனை அப்புறமும் நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்தியது அழகுக்கு நாலு நாள், அப்புறம் அழுகும்.

அவரிடமே ஒரு முறை கேட்டும் பாருங்கள். சிலருக்குப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிடிக்கும்.

கேள்வி: சுற்றிலும் கூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்தைக் காகிதத்தில் செய்தேன். கூம்புகள் ஒட்டும் நடு வடிவத்துக்கு 26 முகம் என்றார்கள், எனக்கு 25 முனைதான் வருகிறது. ஒன்று எங்கே போனது?

பதில்: எங்கும் போகவில்லை. சதுர அடிக் கூம்பு 17, முக்கோண அடிக் கூம்பு 8, ஆக 25. மீதி ஒரு முகம் விளக்கு உள்ளே நுழையவும் கட்டித் தொங்கவிடவும் திறந்தே இருக்கும். 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகப் பிறந்த நட்சத்திரம் இது. கணக்கு வகுப்பில் இப்படி ஒன்று செய்யச் சொல்லியிருந்தால் நான் இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன். உள்ளே எல்இடி விளக்கு மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்ப் காகிதத்தைச் சுட்டுவிடும்.

கேள்வி: எல்லாருக்கும் இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் இந்த வருஷம் என்ன செய்தீர்கள்?

பதில்: ஒரு தேவதை. புதிதாகச் செய்ததில்லை. என் மகன் ஏழு வயதில் உப்பு மாவில் செய்தது, அதற்கு மூக்கு கிடையாது, கண் மூன்று. இடது இறக்கை இதுவரை நாலு முறை உடைந்திருக்கிறது, பெட்டியைத் திறந்தபோது ஐந்தாவது முறை. பசை போட்டு, இரண்டு தீப்பெட்டிகளை முட்டுக்கொடுத்து, நாளை காலை வரை தொடக் கூடாது என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் மூன்று முறை வந்து தொட்டுப் பார்த்துவிட்டாள். நான் ஒரு முறை.